களத்திற்கு வெளியே பிறக்குங் கட்டளை

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 'புட்போல்' என்னும் பெயரால் வழங்கும் விளையாட்டு, இலங்கை மக்கள் உதைபந்தாட்டம் என்று அறிந்திருக்கும் விளையாட்டன்று. பெயரிலே கால் இருந்தாலும் அந்த ஆட்டத்திலே கைக்குத்தான் வேலை மிகுதி. பந்து முட்டை வடிவினது; அதனைக் கையில் ஏந்தி ஓடலாம்; முன்னோக்கி எறியலாம்; பந்தோடு வருபவனைக் கட்டிப் பிடித்து நிலத்திலே வீழ்த்தலாம். றக்பி ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு அதன் உறவுமுறை உடனே புலப்படும். ஆயினும் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. றக்பி ஆட்டம் ஆற்றுநீர்போல ஓடிக்கொண்டேயிருக்கும். அமெரிக்கரின் ஆட்டமோ சில விநாடிகள் நடந்து நின்றுவிடும். நின்ற இடத்திலே இரு படைகளும் மீண்டும் அணிவகுக்கும். பின்னர் மறுபடியுந் தொடங்கும். அந்த இடைவேளையிலே அடுத்துச் செய்யத்தக்கது யாது என்று ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும். அந்த ஒருவர் யாராக இருத்தல் வேண்டும் என்பது பற்றியும், அவர் தீர்மானித்தது சரியா பிழையா என்பது பற்றியும் அந்நாட்டு மக்கள் பல தலைமுறைகளாக வாதாடி வருகின்றனர்.

அந்த இடைவேளை எவ்வாறு வந்தது என்பதை முதலிலே நோக்குவோம். 1880ஆம் ஆண்டிலே யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் காம்ப் என்னும் இளைஞர், றக்பி விதிகளிலே ஒரு மாற்றத்தைச் செய்வித்தார். பந்துக்காக இரு பக்கத்தாரும் முட்டிமோதும் வழக்கத்தை அவர் நீக்கினார். பந்து ஒரு கட்சியாருக்கே உரியதாக இருக்கும். அவர்கள் தாம் விரும்பிய வேளையிலே அதனைப் பின்னாலுள்ள ஓர் ஆட்டக்காரனுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கலாம். அந்த ஆட்டக்காரனே 'குவாட்டர்பாக்' எனப்பட்டவன். விதி செய்த காம்பு எதிர்பாராத விளைவொன்று அடுத்த ஆண்டே தோன்றிற்று. 1881இல் யேல் அணியும் பிரின்ஸ்டன் அணியும் மோதியபோது, ஒரு கட்சியார் முற்பாதி முழுவதும் பந்தைத் தம்மிடமே வைத்திருந்தனர். மற்றவர் பிற்பாதி முழுவதும் வைத்திருந்தனர். பார்க்க வந்தவர்கள் வெறுப்புற்று மீண்டனர். ஆகவே 1882இலே, மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜம் முன்னேறாத கட்சி பந்தை இழக்கும் என்று விதிக்கப்பட்டது. பின்னாளில் இவ்விதி நான்கு முயற்சி, பத்துக் கஜம் என மாறியது. எண்ணிக்கையிட்ட முயற்சியும் அளந்த தூரமும் வந்தவுடன் ஆட்டத்திலே கணக்குப் புகுந்தது. கணக்குப் புகுந்த இடத்திலே வாதமும் புகுவது இயல்பே.

தொடக்கத்திலே அந்தக் கணக்கைப் போடும் உரிமை களத்தில் நிற்பவனுக்கே இருந்தது. குவாட்டர்பாக் தன் தோழரைப் பார்த்துக் குறிப்புச் சொற்களாலும் எண்களாலும் அடுத்த ஆட்டமுறையை அறிவிப்பான். 1890களிலே வாஷிங்டன் நகரிலுள்ள கலோடெற் கல்லூரியின் செவிப்புலனற்ற மாணவர்கள், தங்கள் கைச்சாடைகளை எதிரணியினர் பார்த்துவிடாதபடி வட்டமாகக் குனிந்து நின்று பேசத் தலைப்பட்டனர். இன்று அவ்வாட்டம் நடைபெறும் இடமெங்கும் காணப்படும் அந்தக் கூட்டம் அவர்களிடமிருந்து வந்ததென்பர். கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் களத்தினுள்ளே கட்டளை அனுப்புவது அக்காலத்திலே குற்றம். கரையிலிருந்து சைகை காட்டினால் அணிக்குத் தண்டனை கிடைக்கும். விளையாட்டு மாணவர்களுடையது, சிந்திக்கும் பயிற்சியும் அவர்களுக்கே உரியது என்பதே அவ்விதியின் கருத்து. 1906இலே பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஏறக்குறைய இருபது பேர் ஆட்டத்தாற் களத்திலே மாண்டமையும், ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியமையும் இம்மாற்றத்திற்குத் தூண்டுகோலாயின. ஓடுவதா எறிவதா என்னும் கேள்வி பிறந்தது அப்பொழுதுதான். இரசிகர் வாதங்களுள் ஒரு பாதி இன்றுவரை அந்த ஒரே கேள்வியைச் சுற்றியே நிகழ்கின்றது.

தொழின்முறை ஆட்டத்தை நடத்தும் தேசிய லீக் 1944ஆம் ஆண்டிலே, ஆசனத்திலிருக்கும் பயிற்சியாளர் களத்திலுள்ளோருக்குச் சொல்லனுப்பலாம் என்று விதியைத் தளர்த்திற்று. அந்தச் சிறு வாயிலினூடே பெரும்படை நடத்திச் சென்றவர் கிளீவ்லாந்து நகர அணியின் பயிற்சியாளர் போல் பிரவுண். 1946 முதலாக அவ்வணியை நடத்திய அவர், முன்னர் பள்ளியாசிரியராகவும் இருந்தவர். வகுப்பறையும் கரும்பலகையும் குறிப்பேடும் ஆட்டத்துள் வந்தது அவராலேயே. இரண்டு ஆட்டக்காரரைத் தூதுவராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒருவரை உள்ளே அனுப்பி மற்றவரை வெளியே அழைப்பார். உள்ளே செல்பவன் பயிற்சியாளரின் கட்டளையை எடுத்துச் செல்வான்.

வானொலி நேயர்களுக்குச் சுவையளிக்கத்தக்க செய்தியொன்று இங்கே உண்டு. 1956ஆம் ஆண்டிலே பிரவுண், தமது குவாட்டர்பாக்காகிய ஜோர்ஜ் றற்றர்மனின் தலைக்கவசத்தினுள்ளே சிறியதொரு வானொலி வாங்கியைப் பொருத்தினார். கரையிலே நின்று அவர் பேச, களத்திலே நின்றவன் செவியிலே அது ஒலித்தது. மற்ற அணிகள் விழித்துக்கொண்டன. தாமும் அத்தகைய கருவியைத் தேடத் தலைப்பட்டன. லீக்கின் ஆணையாளர் பேட் பெல் அதே ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே அதனைத் தடைசெய்துவிட்டார்.

தடை வந்தது கருவிக்கு மாத்திரமே, கருத்துக்கு அன்று. டலஸ் அணியின் பயிற்சியாளர் டொம் லண்ட்றி 1971இல் ஓர் ஆட்டத்திலே, குவாட்டர்பாக் இருவரையே மாற்றி மாற்றித் தூதுவராக அனுப்பிப் பார்த்தார். சிக்காகோ அணியிடம் 23க்கு 19 என்று தோற்றார். பின்னர் றொஜர் ஸ்டோபாக் என்பவரையே நிலையாக வைத்துக்கொண்டார். ஸ்டோபாக் அமெரிக்கக் கடற்படைக் கழகத்திற் பயின்று வியற்நாமிலே பணிபுரிந்து மீண்டவர். அத்தகையவரிடமும் கட்டளையிடும் உரிமையை லண்ட்றி விட்டுக்கொடுத்தாரில்லை. மாறாக, பிரவுணிடம் தூதுவராக ஓடித்திரிந்த சக் நோல் என்பவர் பிற்காலத்திலே பிற்ஸ்பேர்க் அணியின் பயிற்சியாளரானபோது, தம் குவாட்டர்பாக் தானே ஆட்டமுறையைத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டார். அந்த அணி 1970களிலே நான்கு முறை வாகை சூடியது. தூது சென்றவருக்குத் தூதின் அருமையும் தெரிந்திருக்கும், அதன் சிறுமையும் தெரிந்திருக்கும் போலும்.

அந்தப் பழைய உரிமையின் உச்சமாக இன்றும் பேசப்படுவது 1958 டிசம்பர் 28ஆந் திகதி நியூயோர்க் நகரிலே நிகழ்ந்த இறுதியாட்டம். போல்ற்றிமோர் அணியும் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியும் சமநிலையில் முடித்து, மேலதிக நேரத்திலே ஆடிக்கொண்டிருந்தன. அடுத்துப் புள்ளி பெறுபவர் வெற்றியடைவர். போல்ற்றிமோரின் ஜோனி யுனைற்றாஸ் தம் அணியை எதிரியின் வெற்றிக்கோட்டை நெருங்கக் கொண்டுவந்துவிட்டார். அந்த நிலையிலே பந்தை ஏந்தி மெல்ல ஓடுவதே அறிவுடைமை என்று கண்டோர் யாவரும் எண்ணினர். எறிந்தால் எதிரி பறித்துவிடக்கூடும். யுனைற்றாஸ் எறிந்தார். பந்து தோழன் கையிலே சேர்ந்தது. அடுத்த முயற்சியிலே அலன் அமீச்சி ஒரு கஜம் முட்டிச் சென்று ஆட்டத்தை 23க்கு 17 என முடித்தார். ஆட்டம் முடிந்தபின் பத்திரிகையாளர் யுனைற்றாஸை நோக்கி, அத்தகைய துணிவு ஏன் என வினவினர். அவர் சிறிதுங் கலங்கவில்லை. தாமே நினைந்து தாமே செய்த காரியத்திற்குத் தாமே விடைபகர நிற்கும் ஒருவரின் அமைதி அது.

இருபது ஆண்டு கழித்து, அதே ஜயன்ற்ஸ் அணிக்கு வேறொரு பாடம் காத்திருந்தது. 1978 நவம்பர் 19ஆந் திகதி, நியூ ஜேர்சியிலுள்ள அவர்களது சொந்த அரங்கிலே, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கெதிராக ஜயன்ற்ஸ் 17க்கு 12 என்று முன்னணியில் நின்றது. ஆட்டம் முடிய 31 விநாடியே எஞ்சியிருந்தது. பந்து ஜயன்ற்ஸ் கையில். ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் உரிமைகளையெல்லாம் ஈகிள்ஸ் அணியினர் செலவிட்டுவிட்டனர். குவாட்டர்பாக் ஜோ பிசார்சிக் பந்தைப் பெற்றவுடன் நிலத்திலே விழுந்துவிட்டாற் போதும். கடிகாரம் ஓடி முடிந்துவிடும். அரங்கிலிருந்தோர் பலர் எழுந்து வாயிலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தனர்.

ஆனால் தாக்குதற்பிரிவின் நெறியாளராகிய பொப் கிப்சன் அனுப்பிய கட்டளை வேறு. பந்தை லறி சொங்கா என்னும் முரட்டு ஓட்டக்காரரிடம் கொடுத்து அவரை ஓடவிடுக என்பதே அது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. சற்று முன்னர் பிசார்சிக் நிலத்திலே விழுந்தபோது எதிரணியினர் சீறிப் பாய்ந்தனர், கைகலப்பும் நேர்ந்தது. குவாட்டர்பாக் காயமடையக்கூடும். அன்றியும், விழுந்து கிடந்து நேரத்தைக் கழிப்பது வீரமன்று என்னும் எண்ணம் அக்காலத்திலே பலரிடம் இருந்தது. எனினும் கட்டளையைக் கேட்ட ஆட்டக்காரர் திகைத்தனர் என்றும், பந்தைத் தமக்குத் தரவேண்டாம் என்று சொங்காவே கேட்டார் என்றும் பிற்காலத்திற் கூறப்பட்டது. பிசார்சிக் கட்டளையை மாற்றவில்லை. முந்திய வாரத்திலே ஒரு கட்டளையைத் தம் எண்ணப்படி மாற்றியமைக்காக அவர் கடிந்துகொள்ளப்பட்டிருந்தார்.

பந்து பிசார்சிக் கைக்கு வந்தது. அதனைச் சொங்காவிடம் கொடுக்கும் வேளையிலே அவரது இடுப்பிற் பட்டு நழுவி நிலத்தில் வீழ்ந்தது. ஒரு முறை துள்ளியது. ஈகிள்ஸ் அணியின் ஹேர்மன் எட்வேர்ட்ஸ் அதனை வாரி எடுத்துக்கொண்டு 26 கஜம் ஓடி வெற்றிக்கோட்டைக் கடந்தார். 17க்கு 19. வாயிலை அடைந்திருந்தவர்கள் ஆரவாரம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது காரியம் முடிந்துவிட்டது.

மறுநாட் காலையிலே கிப்சன் பணிநீக்கஞ் செய்யப்பட்டார். அதன்பின் அவர் எந்த அணிக்கும் பயிற்சியாளராகவில்லை. தலைமைப் பயிற்சியாளர் ஜோன் மக்வேயும் அப்பருவத்தின் முடிவோடு தம் பதவியை இழந்தார். இரசிகரின் சீற்றமோ அவ்வளவில் அடங்கவில்லை. 1963க்குப் பின் ஜயன்ற்ஸ் அணி வாகைக்கான ஆட்டங்களில் இடம்பெற்றதே இல்லை. பருவம் முழுவதற்கும் பணங்கொடுத்து வாங்கிய நுழைவுச் சீட்டுக்களைச் சிலர் டிசம்பர் மாதத்திலே அரங்கின் வெளியே தீயிட்டனர். மற்றொரு கூட்டத்தார், பதினைந்து ஆண்டுக் கேவலம் போதும் என்னும் பொருள்பட எழுதிய பதாகையைத் தாங்கிய சிறு விமானம் ஒன்றை ஆட்டம் நடந்துகொண்டிருந்த அரங்கின் மேலே பறக்கவிட்டனர்.

இந்த நிகழ்ச்சியிலே குற்றவாளி யார்? கட்டளையிட்டவர் என்பர் ஒரு சாரார். கட்டளை எவ்வளவு மூடத்தனமானதாயினும் பந்தை ஒழுங்காகக் கைமாற்றியிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது என்பர் மற்றொரு சாரார். களத்திலே நின்று அபாயத்தைக் கண்ணாரக் கண்டவன் ஏன் வாயடைத்திருந்தான் என்பது மூன்றாவது கேள்வி. மூன்றினுள்ளும் அதுவே ஆழமானது. 1882இலே குவாட்டர்பாக்காக நின்ற மாணவனுக்கு இக்கேள்வி எழுந்திராது. சிந்திப்பவன் ஒருவனாகவும் செய்பவன் வேறொருவனாகவும் பிரிந்த பின்னரே அது எழுந்தது. பிரிவினால் நன்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. உயரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் களம் முழுவதும் தெரியும். ஆனால் கீழே நிற்பவன் பேசத் துணியாதபடி அச்சுறுத்தி வைத்தபின் மேலிருப்பவனுடைய பார்வை எத்துணை கூர்மையாக இருந்தும் பயனென்ன?

இதிலே ஒரு விந்தையும் உண்டு. பிசார்சிக் 1980இல் அதே ஈகிள்ஸ் அணிக்குச் சென்று சேர்ந்தார். முன்னணியிலுள்ள அணி இறுதி விநாடிகளிலே குவாட்டர்பாக்கைச் சுற்றி அரணமைத்து அவரை முழந்தாளிடச் செய்யும் முறை, அந்த ஆட்டத்திற்குப் பின்னரே எங்கும் நிலைபெற்றது. இன்று அதற்கு 'வெற்றி அணிவகுப்பு' என்று பெயர். வீரமன்று என்றிருந்தது விவேகமாயிற்று.

பிரவுண் கனவுகண்ட வானொலியை லீக் 1994ஆம் ஆண்டிலே சட்டபூர்வமாக்கிற்று. இப்பொழுது ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஓடும் 40 விநாடிக் கடிகாரத்திலே 15 விநாடி எஞ்சும்போது அந்த ஒலி தானாகவே அறுந்துவிடும். அதன்பின் குவாட்டர்பாக் தன் புத்தியோடு தனித்து நிற்பான். பழைய சுதந்திரத்திலே எஞ்சியது அந்தப் பதினைந்து விநாடி மாத்திரமே. கட்டளையிடும் பொறுப்பைத் தாக்குதற்பிரிவின் நெறியாளர் வகிப்பதே பல அணிகளின் வழக்கம். சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளரே அதனை வைத்துக்கொள்வர். முகந்தெரியாத அந்த நெறியாளர் இரசிகரின் நாவுக்கு நல்ல இரையானார். ஆட்டம் முடிந்தபின் அறிவு சொல்பவரைத் 'திங்கட்கிழமைக் காலைக் குவாட்டர்பாக்' என்று எள்ளி அழைப்பது 1930கள் முதலே அந்நாட்டு வழக்கு. 1987 ஜூலை முதலாந் திகதி நியூயோர்க்கிலே விளையாட்டுக்கென்றே நாள் முழுவதும் ஒலிபரப்பும் வானொலி நிலையம் தோன்றியபோது, தொலைபேசியிலே வந்து நெறியாளரைக் கண்டிப்பதற்கு அவர்களுக்கு ஒரு மேடையும் வாய்த்தது.

அந்த மேடைகளெல்லாம் அதிர்ந்த நாள் 2015 பெப்ரவரி 2ஆந் திகதித் திங்கட்கிழமை. முதல்நாள் நடந்த இறுதியாட்டத்திலே சியாற்றில் அணி, நியூ இங்கிலாந்து அணியிடம் 28க்கு 24 என்று பின்தங்கியிருந்தது. எஞ்சியது 26 விநாடி. பந்து வெற்றிக்கோட்டிலிருந்து ஒரே கஜத் தூரத்திலே. முயற்சிகள் மூன்று கைவசம். சியாற்றிலிடம் மார்ஷோன் லிஞ்ச் என்னும் ஓட்டக்காரர் இருந்தார். பலர் ஒருங்கே பற்றினாலும் விழாதவர் என்று பெயர் பெற்றவர். பந்தை அவரிடம் கொடுப்பார் என்றே உலகம் எதிர்பார்த்தது. நெறியாளர் டறல் பெவல் அனுப்பிய கட்டளை: எறிக. றசல் வில்சன் எறிந்த பந்தின் குறுக்கே, அதுவரை பெயரறியப்படாத மல்கம் பட்லர் என்னும் புதிய ஆட்டக்காரர் பாய்ந்து பறித்தார். ஆட்டம் முடிந்தது.

அந்தக் கட்டளையைப் போல ஏச்சுக்கேட்ட கட்டளை ஆட்ட வரலாற்றிலே அரிது. ஆயின் கணக்கை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஓடி வீழ்ந்தாற் கடிகாரம் நிற்காது. எறிந்த பந்து எவர் கையிலும் சேராது போனால் நின்றுவிடும். ஆட்டத்தை நிறுத்தும் உரிமை சியாற்றிலிடம் ஒன்றே எஞ்சியிருந்தது. ஆகவே 26 விநாடியிலே மூன்று முயற்சியையும் பயன்படுத்த வேண்டுமாயின் அவற்றுள் ஒன்றேனும் எறிதலாக இருத்தல் அவசியம். எதிரணியினர் ஓட்டத்தைத் தடுக்கவல்ல பருத்த ஆட்டக்காரரைக் களத்திலே நிறைத்திருந்தனர். அப்பருவம் முழுவதிலும் ஒரு கஜக் கோட்டிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பந்துகள் எறியப்பட்டிருந்தும், அதற்கு முன் ஒன்றேனும் பறிக்கப்பட்டதில்லை. லிஞ்சோ அதே தூரத்திலிருந்து அப்பருவத்தில் ஓடிய ஐந்து முறைகளில் ஒரு முறையே வெற்றிக்கோட்டைத் தொட்டிருந்தார். எறிவது என்ற தீர்மானம் பழுதன்று. நெரிசல் மிகுந்த நடுக்களத்திலே, பறிக்க இடந்தரும் வகையில் எறிந்தமையே குறைகூறத்தக்கது. இரசிகர் பெரும்பாலும் முதலாவதைத் தாக்கினர். இரண்டாவதைத் தாக்கியிருந்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கும்.

பட்லரின் பக்கத்துச் செய்தியைச் சியாற்றில் மக்கள் பின்னரே அறிந்தனர். ஆட்டத்திற்கு முந்திய பயிற்சியிலே, அதே ஆட்டமுறையைத் தம் தோழர் நடித்துக் காட்டியபோது பட்லர் பிந்திச் சென்று தோற்றிருந்தார். அன்று களத்திலே சியாற்றில் அணி வகுத்து நின்ற கோலத்தைக் கண்டதும் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. இவ்வகையிலே பார்த்தால், தோற்றது பெவலின் கட்டளை என்பதிலும், வென்றது எதிரணியின் பயிற்சிக்கூடம் என்பதே பொருந்தும்.

ஆட்டம் முடிந்தபின், பந்தைப் பெறவேண்டியிருந்த ஆட்டக்காரர் இன்னும் உறுதியோடு பாய்ந்திருக்கலாம் என்னும் கருத்துப்படப் பெவல் பேசினார். தோற்ற வேளையிலே தம் வீரனைக் குறை கூறினார் என்று அதற்கும் ஏச்சு வாங்கினார். தலைமைப் பயிற்சியாளர் பீற் கரலோ, பொறுப்பு முழுவதும் தம்முடையதே என்று வெளிப்படையாகச் சொல்லித் தம் நெறியாளரை உடனே பலியிடாது காத்தார். பெவல் மேலும் மூன்று பருவம் அப்பதவியில் இருந்தார். 2018 ஜனவரியிலே அவர் நீக்கப்பட்டபோது, அந்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகைகள் அந்த மூன்று பருவத்தையும் பேசுவதற்கு முன், ஒரு கஜக் கோட்டையும் 26 விநாடியையும் மறவாமல் எழுதின.